எழுபத்தெட்டு கிராம்

சின்னவனுடைய வலது கை மோதிர விரல் தானாக மடங்குகிறது என்ற சங்கதி வெளியே வந்து இன்றோடு ஆறு நாள். வெளியே என்றால் ஊருக்கு அல்ல, அவனுடைய அக்காவுக்கு மட்டும். "அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தான். மூன்று மாதம் பியானோவைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மீறினால் அந்த விரல் திரும்பி வராமலே போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு வந்த மகானுபாவன் என்ன செய்தான் தெரியுமா? இன்றைய கச்சேரிக்காகத் தினமும் ஏழு மணி நேரம் பயிற்சி!

முப்பத்திரண்டு வயது. பத்து நாட்டு மேடைகளைப் பார்த்தவன். ஆனாலும் வீட்டில் இன்னும் 'வாண்டு'தான்.

மூத்தவள் அவனைவிட ஒன்பது வயது பெரியவள். பியானோ ட்யூனர். அவன் இன்று வாசிக்கப்போகிற அரங்கத்தின் பியானோவைப் பராமரிப்பதும் அவள்தான். அவளும் ஒரு காலத்தில் மேடைக்கு வரவேண்டியவள். பத்தொன்பது வயதில், ஒரு பெரிய போட்டியின் கடைசிச் சுற்றுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அவளுக்கும் இதே விரல் மடங்கியது. "கையில வலு இல்ல" என்று அம்மா ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாள். அந்த ஒரு வரியை இருபத்திரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறாள் இவள்.

காலை ஏழு மணிக்கு அம்மாவிடமிருந்து போன். எப்படி இருக்கே, சாப்பிட்டியா, எதுவும் கிடையாது.

"பியானோவுல ஒரு கட்டை அழுத்தினா எழும்ப மாட்டேங்குது. வந்து பார்த்துட்டுப் போ. தம்பி ஒன்பது மணிக்கு வந்துடுவான்."

"நானா?"

"எப்பவும் வர்ற பியானோ மெக்கானிக் கிழவர் மக வீட்டுக்குப் போய்ட்டார். கை நடுங்குதாம். வேற யாரைக் கூப்பிடுறது?"

மூத்தவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஊரில் இருக்கிற பெரிய பியானோக்களில் பாதி அவள் கை பட்டவை. ஆனால் ட்யூனரான பிறகு அம்மா வீட்டுப் பியானோவின் மூடியைக்கூட அவள் திறந்தது கிடையாது. "வீட்டு ஆளு தொட்டா சரிவராது" என்பது டீச்சரம்மாவின் சட்டம். அம்மாவை ஊரே அப்படித்தான் அழைக்கும். அவளிடம் கற்றவர்கள் நான்கைந்து நாடுகளில் மேடையேறுகிறார்கள்.

பயிற்சி அறை அப்படியே இருந்தது. சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவர் முழுக்கத் தக்கை. ஜன்னல் திறந்து எத்தனை வருஷமோ. நடுவில் கறுப்பாக அந்தப் பெரிய பியானோ. சுவரில் சின்னவனின் படங்கள், கோட்டு போட்டு, பூங்கொத்து வாங்கி, குனிந்து கும்பிட்டு. மூத்தவளின் படம் ஒன்றுகூட இல்லை. இருக்கும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை, பொய் சொல்வானேன், ஒரு பார்வை பார்க்கத்தான் பார்த்தாள்.

அம்மா காதில் சிவப்புப் பென்சில் செருகியிருந்தது. எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று அந்த வீட்டு நோட்டுகள் அத்தனையிலும் சிவப்பில் எண் போட்டது அந்தக் கைதான்.

"அந்த ஒரு கட்டையை மட்டும் பார்த்துட்டு மூடிடு. உள்ள எல்லாம் நோண்டாதே."

மூத்தவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

"உன் பென்சில்தாம்மா. துண்டு ஒண்ணு உள்ள விழுந்து சிக்கியிருக்கு. முழுசா வெளிய இழுத்தாத்தான் எடுக்க முடியும்."

"முழுசாவா?" அம்மாவின் முகம் மாறியது. "வேண்டாம். அப்படியே இருக்கட்டும். அவன் அரங்கத்துல போய் வாசிச்சுக்குவான்."

இது என்ன புதுக் கூத்து என்று மூத்தவள் நிமிர்ந்தாள். அதற்குள் பக்கத்து அறையில் போன் அடித்தது. பத்திரிகைக்காரர். மகனைப் பற்றி நாலு வார்த்தை கேட்டால் டீச்சரம்மா நானூறு வார்த்தை சொல்வாள். "தொடாதே, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொடாதே என்றால் தொடாமல் இருக்கிற ஜாதியா இவள்? இரண்டு பக்கத் திருகுகளையும் கழற்றி, கட்டைகளும் சுத்தியல்களும் ஒன்றாகப் பொருந்தியிருக்கும் அந்தச் சட்டத்தை இழுத்து மேசையில் வைத்தாள். தொழிலில் அதற்கு ஆக்‌ஷன் என்று பெயர். அது இல்லாத பியானோ வெறும் மரப்பெட்டி. சுத்தியல் வரிசையைத் தனியாகத் தூக்கி வைத்தாள். பென்சில் துண்டு கையோடு வந்தது. சிக்கியிருந்த கட்டையையும் உருவினாள்.

உருவியவள் அதைக் கீழே வைக்கவில்லை.

பியானோக் கட்டையின் பக்கவாட்டில் சின்னச் சின்ன வட்டமாக ஈயம் பதித்திருப்பார்கள். விரல் படும் முன்பக்கம் பதித்தால் கட்டை சுலபமாக இறங்கும். எல்லாப் பியானோவிலும் முன்பக்கம்தான் இருக்கும். இந்தக் கட்டையில் பின்பக்கமும் இருந்தது. பின்பக்கம் பதிக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு, கட்டையைக் கனமாக்குவது.

பக்கத்துக் கட்டையை உருவினாள். அதிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். அங்கங்கே நாலைந்தை உருவிப் பார்த்தாள், எல்லாவற்றிலும்!

உருவியவற்றைப் பழையபடி கோத்து உள்ளே தள்ளினாள். பையிலிருந்து பித்தளை எடைக்கற்களை எடுத்து, ஒரு கட்டையின் நுனியில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். சாதாரணமாக ஐம்பது கிராம் வைத்தால் கட்டை இறங்கிவிடும். ஐம்பத்தைந்து வைத்தாள், அசையவில்லை. அறுபத்தைந்துக்கும் அசையவில்லை. எழுபத்தெட்டு கிராமில் மெதுவாக இறங்கியது. இன்னும் நாலு கட்டைகளில் வைத்துப் பார்த்தாள். அதே எழுபத்தெட்டு.

திரும்ப வெளியே இழுத்தாள். முதல் கட்டையின் பக்கவாட்டில் மெக்கானிக்குகள் வேலை செய்த தேதியைப் பென்சிலால் எழுதிவைப்பது வழக்கம். இரண்டு தேதிகள் இருந்தன, கீழே ஒரே கையெழுத்து. ஒன்று முப்பது வருடத்துக்கு முந்தையது. அப்போது அவளுக்கு வயது பதினொன்று. இன்னொன்று நாலு வருடத்துக்கு முந்தையது. ஈயத்திலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. ஒரு வட்டம் கறுத்துப் போயிருந்தது, பக்கத்து வட்டம் இன்னும் பளபளத்தது.

மூத்தவளுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். காது கொதித்தது.

அம்மா திரும்பி வந்தபோது அந்தக் கட்டையை உருவி அவள் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"யாரு போட்டது இதை?"

டீச்சரம்மா மழுப்பவில்லை. அவளுக்கு மழுப்பத் தெரியாது.

"மெக்கானிக். நான் சொல்லித்தான்."

"எதுக்கு?"

"எதுக்கா? வீட்டுல கனமா வாசிச்சாத்தான் மேடையில சத்தம் எழும்பும். என் சத்தம் கடைசி வரிசைக்குப் போகலன்னுதானே என்னை மேடையிலேர்ந்து வீட்டுக்கு அனுப்பினாங்க? 'பொம்பளைக் கை, பூவாட்டம் இருக்கு'ன்னு என் முகத்துக்கு நேரா சிரிச்சாங்க. என் பிள்ளைங்களை எவனும் அப்படிச் சொல்லக் கூடாதுன்னு நினைச்சேன். தப்பா?"

"பதினோரு வயசும்மா எனக்கு! தினம் ஆறு மணி நேரம்!"

"அதனால?"

"அதனாலயா? ஊர் பூரா என்ன சொன்னே? கையில வலு இல்லன்னு சொன்னே! ஆஸ்பத்திரியில டாக்டர், 'வீட்டுல எந்த மாதிரிப் பியானோ'ன்னு உன்னைத்தானே கேட்டார்? 'சாதாரணப் பியானோதான்'னு சொன்னியே! நான் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தேனேம்மா!"

அம்மா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். மறுபடி செருகினாள்.

"உனக்கு அப்படி ஆகும்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

"சரி, தெரியாது. ஆன பிறகு தெரியும்ல? ஈயத்தைப் பிடுங்கிப் போட ரெண்டு நாள் வேலை. பிடுங்கலையே நீ! அதே ஸ்டூல்ல பத்து வயசுப் பையனைத் தூக்கி உட்கார வெச்சியே! நீயெல்லாம் ஒரு தாயா?"

"வாயை அடக்கு! அவனுக்கு என்ன ஆச்சு? ராஜாவாட்டம் வாசிக்கிறான். அவன் கையில வலு இருந்துது, தாங்கினான். உனக்கு இல்ல. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

மூத்தவளின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. 'போய் உன் ராஜாவோட விரலைப் பாரு' என்று ஒரு வார்த்தை. ஆனால் சத்தியம் செய்து தொலைத்திருக்கிறாளே! பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அது போகட்டும். நாலு வருஷத்துக்கு முன்னாடி மறுபடியும் எதுக்குப் போட்டே? முதல்ல போட்டது பத்தலையா?"

"மறுபடியுமா?" அம்மா உண்மையாகவே முழித்தாள். "நான் ஒரு தடவைதான் சொன்னேன். நீ சின்னவளா இருக்கிறப்போ."

அந்த முழிப்பில் பொய் இல்லை. மூத்தவள் இன்னொரு கேள்வி கேட்பதற்குள் அவள் போன் சிணுங்கியது. தம்பியின் செய்தி. 'நேரா அரங்கத்துக்குப் போறேன். சீக்கிரம் வா அக்கா. பியானோவுல ஒரு வேலை இருக்கு.'

கட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். "ஏய், அதை வெச்சிட்டுப் போடி!" என்று அம்மா வாசல்வரை கத்திக்கொண்டே வந்தாள். யார் கேட்டது?

அரங்கம் காலியாக இருந்தது. ஆயிரத்து இருநூறு நாற்காலிகளும் மடங்கிக் கிடந்தன. மேடையில் ஒலிப்பதிவுக்கு மைக் நிறுத்தியிருந்தார்கள். வாண்டு வேகமான ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான். வேறு யார் கேட்டாலும் முத்துக் கோத்த மாதிரி இருக்கும். நான்காவது விரல் வரவேண்டிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பொக்கை விழுவது மூத்தவளுக்கு மட்டும் கேட்டது. அந்தப் பொக்கை அவளுக்குப் பழைய சொந்தம்.

"வந்துட்டியா அக்கா? இந்தப் பியானோ தண்ணியா ஓடுது. விரல் நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் கனமாக்கிக் குடேன்."

"எவ்வளவு?"

"வீட்டுல இருக்கிற மாதிரி. எழுபத்தெட்டு."

அந்த எண்ணை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எடை போட்டது அம்மாவுக்கே தெரியாது.

"எழுபத்தெட்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே போடச் சொன்னேன்" என்றான் அவன், ரொம்பச் சாதாரணமாக. "அம்மா போட்டது அறுபத்தஞ்சு. மிச்சம் நான் போட்டது. அம்மாவுக்குத் தெரியாது, கிழவர்கிட்ட தனியா சொன்னேன்."

"ஏண்டா? பைத்தியமா உனக்கு?"

அவன் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அறுபத்தஞ்சு உன் கனம் அக்கா. அம்மா தினமும் சொல்லும். 'இதைத் தாங்க முடியாமத்தான் அக்கா எழுந்து போனா. நீ தாங்குவே.' பத்து வயசுலேர்ந்து அதே பேச்சு. நான் எங்க வாசிச்சாலும், எவ்வளவு கைதட்டு வாங்கினாலும், உன்னைத் தாண்டின மாதிரியே இல்ல. நீ இருந்த இடத்துலயே உட்கார்ந்திருக்கேன்னு தோணும். அதான் ஏத்தினேன்."

"என்னைத் தாண்டறதுக்கா?"

"இந்த ஈய விஷயம் உனக்குத் தெரியும்னு நினைச்சேன். நீ ட்யூனராச்சே!"

அடப்பாவி! யாரைப் போய் அடிப்பது? இவனையா, அந்தக் கிழவரையா, பெற்றவளையா? பையைத் திறந்து, கொண்டுவந்த கட்டையை அவன் மடியில் வீசினாள்.

"நான் தாங்க முடியாம எழுந்து போகலடா. எட்டு வருஷம் தாங்கினேன். கை போயிடுச்சு. உனக்கும் அதுதான் போயிட்டிருக்கு. மூடு பியானோவை."

"இன்னிக்கு ஒரு நாள் அக்கா. கனமா இருந்தா விரல் மடங்காது, நான் பார்த்துட்டேன். நீ போட்டுக் குடு, முடிஞ்சதும் மூணு மாசம் சும்மா இருக்கேன்."

"போட மாட்டேன்."

அவன் எழுந்தான். இதுவரை அவளிடம் காட்டாத முகம் ஒன்று வெளியே வந்தது.

"வாசிக்கிறவன் கேட்டதைச் செய்யறதுதான் ட்யூனர் வேலை. புத்தி சொல்றதில்ல. நாலு மணிக்கு வருவேன். தயாரா இருக்கணும்."

சொல்லிவிட்டு உடை மாற்றும் அறைப் பக்கம் போய்விட்டான். போகும்போது வலது கையை இடது கையால் பிசைந்துகொண்டே போனதை அவள் பார்த்தாள்.

ட்யூனர் வேலையா? சரி, செய்து காட்டுகிறேன்!

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மேடைப் பியானோவின் ஆக்‌ஷனை அப்படியே உருவித் தள்ளுவண்டியில் ஏற்றி, மேடைக்குப் பின்னால் இருக்கும் தன் வேலை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள்.

நாலு மணிக்கு மேடைப் பக்கம் ஒரு அலறல். அரங்க மேனேஜர்தான். வழுக்கைத் தலை வியர்க்க ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"அம்மா தாயே! பல்செட்டைக் கழட்டின கிழவி மாதிரி நிக்குது பியானோ! எங்கம்மா கொண்டு வெச்சிருக்கீங்க?"

"என்கிட்டதான் இருக்கு. கச்சேரி கிடையாதுன்னு அறிவிச்சிடுங்க."

"டிக்கெட் மொத்தமும் வித்துப்போச்சும்மா! கீழ இருக்கிற பழைய பியானோவையாவது ஏத்தட்டுமா?"

"அதுல தந்தியே இல்ல. நான்தான் போன மாசம் கழட்டினேன்."

அவர் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் நன்றாகவே கேட்டது. பின்னாலேயே வாண்டு வந்தான். கதவை உதைத்தான்.

"திற! என் வாழ்க்கைடி இது! உனக்கு யார் குடுத்த உரிமை?"

பிறந்ததிலிருந்து அவன் அவளை 'டி' போட்டதில்லை. மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாழ்ப்பாளைத் தொடவில்லை.

அடுத்து வந்தது டீச்சரம்மா. தட்டவில்லை, உதைக்கவில்லை. மேனேஜருக்கும் சேர்த்துக் கேட்கட்டும் என்று நிதானமாகப் பேசினாள்.

"பொறாமை. வேற ஒண்ணும் இல்ல. தன்னால முடியாததை இவன் செய்யறான்ல, அந்த வயித்தெரிச்சல். இருபத்திரண்டு வருஷமா அடக்கி வெச்சது இன்னிக்கு வெளிய வந்திருக்கு."

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா வாயடைத்துப் போவாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது. மூத்தவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"வாண்டு! கேக்குதா? பொறாமைக்காரின்னு பேர் வாங்கிட்டு நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உன் வாயால நீ சொல்லு. நான் சத்தியத்தை மீற மாட்டேன். நீ சொல்லு."

"என்ன சொல்லணும்?" என்றாள் அம்மா.

அவன் குரல் வந்தது. கோபமெல்லாம் வடிந்து, பத்து வயசுப் பையன் குரல் மாதிரி இருந்தது.

"வலது கை மோதிர விரல் ஒரு மாசமா மடங்குதும்மா. அக்காவுக்கு ஆன மாதிரியே." நிறுத்தினான். "அக்கா, உனக்கும் இது தெரியாது. இன்னிக்குக் காலையிலேர்ந்து இடது கையிலயும் ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு விரல்."

மூத்தவளின் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. பாதி இழுத்துவிட்டாள்.

"கையைக் காட்டு" என்றாள் அம்மா வெளியே. "ரெண்டையும் காட்டு. நீட்டு."

காட்டுகிறான் போலிருந்தது. அம்மா பார்க்கிறாள் போலிருந்தது. மூத்தவள் கதவில் காதை வைத்தாள். ஆஸ்பத்திரியில் அன்று கேட்காத ஒரு குரலை இன்றாவது கேட்டுவிடலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. ஐயோ, என் பிள்ளையே என்று ஒரு குரல், அவ்வளவுதான்.

மேனேஜர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆறு மணிக்கு வாசல் கதவைத் திறக்கணும்மா. ஜனங்க வந்துட்டிருக்காங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"கச்சேரி உண்டுன்னு சொல்லுங்க" என்றாள் டீச்சரம்மா.

மூத்தவள் பாதி இழுத்த தாழ்ப்பாளைத் திரும்பத் தள்ளி இறுக்கினாள். மேசைக்குப் போனாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்து, சுத்தியல் வரிசையைக் கழற்றித் தனியே வைத்தாள். பிறகு முதல் கட்டையை உருவித் தரையில் போட்டாள். இரண்டாவதை உருவினாள். மூன்றாவதை உருவினாள். எண்பத்தெட்டையும் கலைத்துப் போட்டுவிட்டால், திரும்ப ஒழுங்காகக் கோக்க அவளுக்கே ஒரு முழு நாள் வேண்டும்.

இருபதாவது கட்டையை உருவும்போது வெளியே யாரோ கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார்கள். தட்டவில்லை. சும்மா வைத்திருந்தார்கள். அது யாருடைய கை என்று அவள் கேட்கவில்லை. இருபத்தொன்றாவதை உருவினாள்.